பட்டாளத்துக் காசு, ஒரு பக்கம், ஒரு ஓட்டு

பதிவு போட்டு நாலு மாசம் ஆச்சு. "ஆளையே காணோமே, கல்யாணமா?" என்று ரெண்டு பேர் மெயில் அனுப்பி விசாரித்திருந்தீர்கள். கல்யாணமெல்லாம் இல்லை மக்களே, கிராண்ட்! கல்யாணத்தை விட அதிகமான பேப்பர் வேலை, அதைவிட அதிகமான சண்டை. :-)

புதிதாக வருபவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நான் அமெரிக்காவில் பி.எச்.டி. பண்ணுகிறேன், நாலாவது வருஷம். சாஃப்ட்வேர் இல்லை, செல் பயாலஜி. எங்கள் லேப் சினைப்பைப் புற்றுநோயில் வேலை செய்கிறது. பேராசிரியரின் இப்போதைய கிராண்ட் அடுத்த வருஷத்தோடு முடிகிறது. அது முடிந்தால் என் சம்பளம், லேப் டெக்னீஷியன் அக்காவின் வேலை, எலிகளின் சாப்பாடு எல்லாமே கேள்விக்குறி.

"நீயே சொந்தமாக ஃபெல்லோஷிப்புக்குப் போடலாமே" என்று கேட்பீர்கள். என்.ஐ.எச்.சில் பி.எச்.டி. மாணவர்களுக்கென்று எஃப்31 என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரர்களுக்கும்தான். எஃப்-1 விசாக்காரி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஆக, பேராசிரியர் பிழைத்தால் நான் பிழைப்பேன்.

அவர் பிழைக்க வழக்கமான வழி ஆர்01. ஒரு பக்கம் குறிக்கோள், 12 பக்கம் ஆய்வுத் திட்டம். மற்ற விஞ்ஞானிகள் படித்து 1 முதல் 9 வரை மார்க் போடுவார்கள். நம்ம ஊருக்கு நேர் எதிர், 1 தான் முதல் மாணவன். ஏறக்குறைய பாதி விண்ணப்பங்களைக் கூட்டத்தில் பேசக்கூட மாட்டார்கள். 2025ல் தேசியப் புற்றுநோய்க் கழகம் முதல் 4 சதவீதத்துக்குள் வந்தால்தான் காசு என்று கோட்டை இறக்கியது. நூறு பேர் எழுதும் பரீட்சையில் நாலு பேர்தான் பாஸ் என்றால் அதற்குப் பெயர் பரீட்சையா, லாட்டரியா?

அதனால் இன்னொரு கதவையும் தட்டினோம். அது பட்டாளத்துக் கதவு.

ஆமாம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. குண்டு போடுகிற துறைக்கும் சினைப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் முதலில் முழித்தேன். கதை இதுதான். 1990ல் போட்ட ஒரு பட்ஜெட் சட்டத்தால், ராணுவத்துக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து உள்நாட்டுத் திட்டங்களுக்குக் கொடுக்க அப்போது முடியாமல் இருந்தது. 1992ல் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு வாஷிங்டனில் நெருக்கினார்கள். செனட்டர் டாம் ஹார்கின் போன்றவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பணத்தை ராணுவத்தை விட்டு வெளியே எடுக்க முடியவில்லையா? சரி, ஆராய்ச்சியை ராணுவத்துக்குள்ளே கொண்டு போய்விடலாம்! 1993ம் நிதியாண்டுக்கு 21 கோடி டாலர் வந்தது. அந்த வழியிலேயே 1997ல் சினைப்பைப் புற்றுநோய்க்கும் ஒரு திட்டம், 75 லட்சம் டாலரோடு ஆரம்பமானது. 2024ல் அது 4.5 கோடி டாலர். மேரிலாந்தில் ஃபோர்ட் டெட்ரிக் என்ற ராணுவ முகாமிலிருந்து நிர்வாகம் நடக்கிறது.

இந்தத் திட்டத்தில் ஒரு விசேஷம். விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் விஞ்ஞானிகளோடு நோய் வந்து பிழைத்த பெண்களும் உட்காருகிறார்கள். சும்மா மரியாதைக்கு இல்லை. பேராசிரியருக்கு ஒரு ஓட்டு என்றால் அவர்களுக்கும் ஒரு ஓட்டு. அவர்களையும் மனதில் வைத்து, விஞ்ஞானம் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி ஒரு பக்கச் சுருக்கம் தனியாக எழுதித் தரவேண்டும். எங்கள் பேராசிரியர் அந்த ஒரு பக்கத்தை என் தலையில் கட்டினார். "நீதான் பிளாக் எல்லாம் எழுதுறியே" என்பது அவர் லாஜிக். (தமிழ் தெரியாது என்பதால் இன்னும் என்மேல் மரியாதை வைத்திருக்கிறார்.)

விஷயத்தைச் சொல்கிறேன், உங்களுக்குப் புரிகிறதா பாருங்கள். இந்த நோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரிய வரும். வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்த மாதிரி இருப்பது... இதற்கெல்லாம் யார் ஸ்கேன் எடுக்கிறார்கள்? அதிகம் பேரைக் கொல்லும் வகை பல சமயம் சினைப்பையில்கூடத் தொடங்குவதில்லை, பக்கத்திலிருக்கும் சினைக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்பதே இந்த நூற்றாண்டில்தான் தெளிவானது. ஆபரேஷன் செய்து பிளாட்டினம் வகை மருந்து கொடுத்தால் நிறைய பேருக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் முற்றிய நிலையில் கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வரும்.

ஏன் திரும்பி வருகிறது? அதுதான் எங்கள் கேள்வி. நோயாளிகளின் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீரில் புற்றுசெல்கள் ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டு மிதக்கும். உருண்டைக்கு உள்ளே இருக்கும் செல்கள் பிரியாமல் தூங்கிக்கொண்டிருக்கும். பிளாட்டினம் மருந்து வேகமாகப் பிரியும் செல்களைத்தான் நன்றாக அடிக்கும். தூங்குகிறவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். அவர்களை உருண்டையாக ஒட்டவைக்கும் பசையைக் கரைக்க முடியுமா என்று பார்க்கிறோம். மருத்துவமனையிலிருந்து அந்த நீர் பாட்டிலில் வரும். பெயர் இருக்காது, ஒரு நம்பர் மட்டும் இருக்கும். நாலு வருஷமாக நம்பர்களோடு மட்டும்தான் எனக்குப் பழக்கம்.

நான் எழுதியதை எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் நோயாளிப் பிரதிநிதி ஒருவருக்கு அனுப்பினோம். அறுபது வயதிருக்கும், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. இரண்டு முறை நோய் திரும்பி வந்தவர். முன்பு இதே மாதிரி குழுக்களில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டவர். (எங்கள் விண்ணப்பத்துக்கு உதவுவதால் அதற்கு அவர் ஓட்டுப் போட முடியாது, அது விதி.) காபிக்கடையில் சந்தித்தோம். டீச்சர் என்பதால் சிவப்புப் பேனாவோடு வந்திருந்தார்!

முதல் பாராவைப் படித்துவிட்டு, "இந்தத் தண்ணீரை எனக்கு நாலு லிட்டர் எடுத்தார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று இன்றைக்குத்தான் ஒருத்தர் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்கிறீர்கள்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் கடைசி வரிக்கு வந்தார். எல்லா விண்ணப்பத்திலும் இருக்குமே, இந்த ஆய்வு வெற்றி பெற்றால் நோயாளிகளுக்குப் புதிய சிகிச்சை கிடைக்கும் என்று, அந்த வரி.

"எப்போது கிடைக்கும்?" என்று கேட்டார்.

நான் பேராசிரியரைப் பார்த்தேன். அவர் தன் காபியைப் பார்த்தார். மூன்று வருஷம் எலியில். அது சரியாக வந்தால் மருந்தாக்குவது, நச்சுத்தன்மை பார்ப்பது, பிறகு மனிதர்களிடம் கட்டம் கட்டமாகச் சோதனை. "பத்து வருஷத்துக்குக் குறையாது, அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்" என்றேன்.

"அப்படியென்றால் அதை எழுதுங்கள். பத்து வருஷம் என்று எழுதியிருந்தால் நான் ஓட்டுப் போடுவேன். சீக்கிரம் என்று எழுதினால் போடமாட்டேன். சீக்கிரம் என்று எழுதுகிறவர் எங்களைப் பற்றி யோசிக்கவில்லை என்று அர்த்தம்."

பிரிட்டனில் நடந்த பெரிய பரிசோதனையைப் பற்றியும் பேசினார். 2 லட்சம் பெண்களுக்கு மேல் சேர்த்து, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வைத்து முன்கூட்டியே கண்டுபிடித்தால் உயிர் பிழைப்பார்களா என்று ஏறக்குறைய இருபது வருஷம் பார்த்தார்கள். 2021ல் முடிவு வந்தது. சாவு எண்ணிக்கை குறையவில்லை. "அந்த முடிவு வந்த அன்று நாங்கள் அழுதோம். ஆனால் அவர்கள் எங்களிடம் பொய் சொல்லவில்லை" என்றார்.

அந்தக் கடைசிப் பாராவை எழுத மட்டும் எனக்கு ரெண்டு வாரம் பிடித்தது. இந்தப் பணத்தால் இப்போது சிகிச்சையில் இருக்கும் யாருக்கும் நேரடியாகப் பயன் வராது, மூன்று வருஷத்தில் எங்களால் சொல்ல முடிந்தது ஒரு ஆமாம் அல்லது ஒரு இல்லை, இல்லை என்றால் அதையும் வெளியிடுவோம் என்று எழுதினோம். பேராசிரியர் நாலு தடவை அடித்து, ஐந்தாவது தடவை விட்டுவிட்டார்.

நடுவில் பாளையங்கோட்டையிலிருந்து அம்மா போன். "ஏட்டி, கவர்மெண்டுகிட்ட லோனா கேக்குத? வட்டி எவ்வளவு?" திருப்பித் தரவேண்டாம்மா என்றேன். "திருப்பித் தரவேண்டாம்னா எவன் குடுப்பான்? அதுவும் பட்டாளத்துக்காரன்?" என்ன நோய் என்று கேட்டாள். சினைப்பைக் கேன்சர் என்றதும், "கர்ப்பப்பையா?" என்றாள். இல்லம்மா, அதுக்குப் பக்கத்தில் ரெண்டு பக்கமும் இருக்குமே, முட்டை வருமே என்று விளக்கினேன். "இதுக்குத் தனியா பேரு உண்டா?" என்று கேட்டாள். ரெண்டு பிள்ளை பெற்றவள்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தப் பட்டாளத்துக் காசு நிரந்தரம் கிடையாது. காங்கிரஸ் ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சேர்த்தால்தான் உண்டு. அதற்காக ஒவ்வொரு வருஷமும் யாராவது போய்க் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இந்த நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 20,000 பெண்களுக்கு இந்த நோய் வருகிறது, 12,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயில் பிழைத்து வந்து குரல் கொடுக்க லட்சக்கணக்கில் ஆள் இருக்கிறது. இங்கே, போன வருஷம் போய்க் கேட்டவர் இந்த வருஷம் இருப்பாரா என்பதே நிச்சயமில்லை. 2025ல் இந்த ராணுவ மருத்துவ ஆராய்ச்சித் திட்டங்களுக்கான மொத்தப் பணம் சுமார் 150 கோடி டாலரிலிருந்து 65 கோடிக்கு வெட்டப்பட்டது. அப்போதும் உடம்பு முடியாதவர்கள்தான் படியேறிப் போய்ப் பேசினார்கள். என் சம்பளத்துக்காக நாலு லிட்டர் தண்ணீர் எடுத்த ஒரு பெண் படியேறுகிறார் என்று நினைக்கும்போது, ஒரு பக்கத்தை ஆறு முறை திருத்துவது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

போன வாரம் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டோம். கெடு முடிய ஆறு மணி நேரம் இருந்தது, எங்கள் லேப் வரலாற்றில் இது சாதனை. முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். கிடைக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம், எனக்குத் தெரியும். கிடைக்கவில்லையென்றால் விமர்சனக் குறிப்புகள் வரும், திருத்தி மறுபடி போடுவோம். நடுவில் நான் மாஸ்டர்ஸ் பட்டத்தோடு மூட்டை கட்டவும் நேரலாம். அதையும் பதிவாகப் போடுகிறேன்.

அதுவரை உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்கள் செய்யும் வேலை என்ன, அதனால் யாருக்கு என்ன பயன், எப்போது? உங்கள் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி, தமிழில், ஒரே பக்கத்தில், பொய் இல்லாமல் எழுதிப் பின்னூட்டத்தில் போடுங்கள். ஐ.டி. மக்களுக்கும் விலக்கு கிடையாது!

டிஸ்கி: இங்கே மருத்துவ ஆலோசனை எதுவும் இல்லை, நான் எலி டாக்டர்கூடக் கிடையாது. ஆனால் உங்கள் வீட்டுப் பெண்கள் யாருக்காவது வாரக்கணக்கில் வயிறு உப்புசமாகவே இருந்தால், "கேஸ்தான்" என்று ஈனோ கலக்கிக் கொடுத்து விட்டுவிடாமல் ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.