கார்பன் இழையில் ஒரு மாண்டலின்

மும்பையில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மரத்தால் செய்த இசைக்கருவிகளுக்குச் சோதனைக் காலம் தொடங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் அலமாரிக் கதவு இறுகித் திறக்க மறுப்பதை நாம் எல்லோரும் அறிவோம். கதவை இறுக்குகிற அதே ஈரம்தான் கிட்டாரின் மேற்பலகையையும் உப்பச் செய்கிறது. வெட்டப்பட்டு ஐம்பது ஆண்டுகள் ஆனாலும் மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை.

மாண்டலினுக்கு இத்தொல்லை இன்னும் அதிகம். அதன் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாய் நான்கு ஜோடிகளாக நிற்கின்றன. வயலினைப் போலவே சுருதி கூட்டப்படுகின்றன. ஒரு ஜோடியில் ஒரு தந்தி மயிரிழை பிசகினாலும் காது உடனே கண்டுகொள்ளும். எட்டும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ, அதாவது வளர்ந்த ஒரு மனிதனின் எடை. அதைத் தாங்கி நிற்கும் மேற்பலகையோ சில மில்லிமீட்டர் கனமே உள்ளது. கனத்தைக் கூட்டினால் பலகை அதிராது. பலகை அதிராவிட்டால் நாதம் இல்லை.

வேதாகமக் கல்லூரியில் பயின்ற நாட்களில் நான் வாங்கிய மர மாண்டலின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக என்னோடிருக்கிறது. அதன் கழுத்து இருமுறை இணைப்பு விட்டுப்போய், இருமுறையும் ஒட்டப்பட்டது. ஆகவே, கப்பலில் பணிபுரியும் எங்கள் சபைச் சகோதரர் ஒருவர் வெளிநாட்டில் வாங்கிய கார்பன் இழை மாண்டலினை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் பயணம் புறப்பட்டபோது, நான் அதை எவ்வளவு ஆவலோடு பெற்றுக்கொண்டிருப்பேன் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் அது என் மேசையருகே ஆணியில் தொங்கியது.

கரிய நிறம், வெளிச்சத்தில் சாய்த்தால் பாய் முடைந்ததுபோல் இழைகளின் பின்னல் மின்னும். உடலுக்கும் கழுத்துக்கும் இடையே இணைப்பே கிடையாது. கார்பன் இழைத் துணியை எபாக்ஸிப் பசையில் தோய்த்து, அச்சில் அடுக்கடுக்காய்ப் படியவைத்து, காற்றை உறிஞ்சி அழுத்தி, சூடேற்றி இறுகச் செய்கிறார்கள். ஒட்டிய இடம் இல்லையென்றால் விட்டுப்போகும் இடமும் இல்லையல்லவா? ஜூலை மாதத்தின் அடைமழையிலும் அதன் கழுத்து வளையவில்லை. குதிரையின் உயரம் மாறவில்லை. எஃகுத் தந்திகள் மட்டும் கடற்காற்றில் மூன்றாம் வாரமே துருவேறின. ஒருநாள் மழை விட்டு வெயில் அடித்தபோது, ஜன்னலோரம் இருந்த கருவி தொட முடியாதபடி சுட்டது. தந்திகள் வெப்பத்தில் நீண்டு சுருதி இறங்கியிருந்தது. ஈரத்துக்குத் தப்பிய கருவி, எஃகின் குணத்துக்குத் தப்பவில்லை.

எங்கள் சபையில் நெடுங்காலமாய் வயலின் வாசிக்கும் பெரியவர் அதைக் கையில் வாங்கி, விரலால் தட்டிப் பார்த்து, “மரத்துக்கு ஒரு உயிர் இருந்துச்சு பாஸ்டர். இதுக்கு ஏது?” என்றார். இலகுவாகத் தள்ளிவிடக்கூடிய வார்த்தை அல்ல அது. ஆனாலும் இசைக்கருவி செய்வோரின் சரித்திரத்தைப் பார்த்தால், அவர்கள் எக்காலத்திலும் கைக்கெட்டிய பொருளோடு திருப்தியடைந்து நின்றதில்லை. சாலொமோன் ராஜா சுரமண்டலங்களும் தம்புருகளும் செய்வித்தது உள்ளூர் மரத்திலா? ஓப்பீரிலிருந்து ஈராமின் கப்பல்கள் கொண்டுவந்த வாசனைமரத்தில் என்று இராஜாக்களின் புத்தகம் கூறுகிறது.

மாண்டலினின் கதையும் அப்படியே. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலினுக்கு முதுகு கிண்ணம்போல் இருக்கும். மெல்லிய மரக்கீற்றுகளை வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த கிண்ணம். அமெரிக்காவில் ஆர்வில் கிப்சன் அதை ஒதுக்கிவிட்டு, வயலினைப்போல் மரத்தைக் குடைந்து செதுக்கும் முறைக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். மரபுவாதிகளின் கண்ணில் அன்று அவரும் விநோதம்தான்.

மரத்தையே விட்டுவிட்டவர்களில் இருவரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர் மாரியோ மக்காஃபெரி. இத்தாலியில் பிறந்து, கிட்டார் வாசிக்கவும் செய்யவும் கற்று, பாரீஸில் செல்மர் நிறுவனத்துக்குப் புகழ்பெற்ற கிட்டார்களை வடிவமைத்தவர். 1933இல் வலது கையில் ஏற்பட்ட காயத்தால் மேடை வாழ்வு முடிந்தது. பின்னர் அமெரிக்கா சென்று, 1949இல் பிளாஸ்டிக் யுகுலேலே செய்து இலட்சக்கணக்கில் விற்றார். 1953இல் பிளாஸ்டிக் கிட்டாரும் செய்தார். மலிவுப் பொம்மை என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அதைச் செய்தவர் மரவேலையில் தேர்ந்த கைவினைஞர் என்பதை மறக்கலாகாது.

மற்றவர் சார்லஸ் காமன். இவர் ஹெலிகாப்டர் செய்தவர், கிட்டாரும் வாசித்தவர். ஹெலிகாப்டரில் அதிர்வை அடக்குவது எப்படி என்று ஆராய்ந்தவர்கள், அதே அறிவைக்கொண்டு அதிர்வை வளர்க்கவும் முயன்றனர். அவர் 1966இல் தொடங்கிய ஒவேஷன் கிட்டார்களின் முதுகு, கண்ணாடி இழையில் அச்சு வார்த்த கிண்ணம். பிற்பாடு அந்நிறுவனம் மாண்டலினும் செய்தது. நேப்பிள்ஸின் கிண்ணம் மரக்கீற்றுகளை உதறிவிட்டு ஒரே வார்ப்பாய்த் திரும்பிவந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒன்றாய் வருகின்றன. இன்று அமெரிக்காவில் மிக்ஸ் என்ற பெயரில் வந்த கார்பன் இழை மாண்டலின்களை ஆர்வலர்கள் தேடிப் பிடிக்கிறார்கள்.

மாண்டலின் மீட்டும் சிறு தகட்டையே பாருங்கள். ஒருகாலத்தில் அழுங்காமையின் ஓட்டில் செய்தார்கள்; செல்லுலாய்டும் நைலானும் அதன் இடத்துக்கு வந்தன. 1970களில் சர்வதேச உடன்படிக்கை ஆமையோட்டு வணிகத்தைத் தடைசெய்தது. இன்று செயற்கைத் தகட்டை யாரும் குறை சொல்வதில்லை. நம் நாட்டிலும், பாலக்கொல்லுவில் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கர்நாடக சங்கீதத்துக்கு எடுத்துக்கொண்டது மின் மாண்டலின். எட்டுத் தந்திகளை ஐந்து தனித் தந்திகளாக்கியும் கொண்டார். கமகம் அதில் பேசியதைக் கேட்டவர்கள், கருவியின் வயதைக் கேட்கவில்லை.

நாதத்தைப் பற்றி என் கணிப்பைச் சொல்லவேண்டுமே. கார்பன் மாண்டலினில் கீழ்ச்சுருதி தெளிவாய் ஒலிக்கிறது. மீட்டிய ஓசை நெடுநேரம் நிற்கிறது. மேல்தந்தியில் சற்றே கண்ணாடித்தன்மை உண்டு. தாளத்துக்கு வெட்டி வாசிக்கும்போது, ஓசை சட்டென அடங்கும் மரக்கருவியே எனக்கு உகந்தது. மெதுவான கீர்த்தனைகளுக்கோ கரியதைத்தான் எடுத்தேன்.

என்னைத் தயங்கவைக்கும் காரியம் வேறு. மழை ஓய்ந்தபின் அதன் குதிரையைச் சிறிது தாழ்த்திக்கொள்ள, என் பழைய மாண்டலினை இருமுறை ஒட்டித் தந்த கைவினைஞரிடம் கொண்டுபோனேன். குதிரை கருங்காலி மரம். அதை அரை மணி நேரத்தில் சீவித் தந்தார். பிறகு கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது உடைஞ்சா எங்கிட்ட கொண்டு வராதீங்க ஐயா” என்றார். மரத்தில் விரிசல் விழுந்தால் பசையும் கவ்வியும் போதும். கார்பனில் சேதமான பகுதியை உரசியெடுத்து, புதிய துணி படியவைக்கவேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஒரு சிறு கடையில் அவர் அதை எங்ஙனம் செய்வார்? அவருடைய பட்டறையில் அன்று பழுதுபார்க்க வந்திருந்த கருவிகளை எண்ணினேன், ஒன்பது. ஒன்பதும் மரம்.