பீடத்துக்கு அடியில்

சுவாமிமலையில் அந்தப் பட்டறைக்குள் நுழைந்ததும் தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயில் உருகும் வாசனை. ஸ்தபதி தென்னங்குருத்து ஓலையை விக்கிரகத்தின் உயரத்துக்கு நறுக்கி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு விழுந்த இடங்களே முகத்துக்கும் கழுத்துக்கும் மார்புக்கும் அளவு. சிவனென்றால் உத்தம தசதாளம் என்கிற அளவுமுறை, மொத்த உயரம் 124 பங்கு, அம்பாளுக்கு 120.

"ஸ்கேல் இல்லையா ஐயா?"

"இருக்கு. அதுல நான் கணக்குப் போடணும் தம்பி. ஓலைன்னா மடிச்சாப் போதும்."

பழைய முறையை இம்மியும் மாற்றாத ஒருவரைத் தேடித்தான் போயிருந்தேன். மூலையில் கிரைண்டர் இரைந்தபோது முகம் சுருங்கியிருக்க வேண்டும், அவர் கவனித்துவிட்டார். "கையால ராவினா சாமி கூடுதலா வரம் குடுக்குமா?" என்று சிரித்தார்.

மெழுகுதான் எல்லாம். செய்த உருவத்தின் மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசி, அதன்மேல் கனமாக மண் அப்பி, கம்பி கட்டி, வறட்டி நெருப்பில் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்தாக வேண்டும் என்பதால் ஓர் அச்சுக்கு ஒரே விக்கிரகம். மெழுகில் விட்ட பிழை உலோகத்திலும் அப்படியே நிற்கும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே அம்மன் கைவிரல் ஒன்றைக் கிள்ளி எடுத்து, மறுபடி உருட்டி, சூட்டுக்கோலால் ஒட்டி, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். மூன்றாவது தடவையாம். எனக்கு முந்தைய விரலில் ஒரு குறையும் தெரியவில்லை.

பேச்சு ஒரு வியாபாரியைப் பற்றித் திரும்பியது. இரண்டடி அம்மன் நான்கு வேண்டும், ஆசிட் அடித்து மண்ணில் புதைத்து, பச்சை பிடிக்கவைத்துத் தர வேண்டும், கூலி இரண்டு மடங்கு என்று கேட்டானாம். நம் சட்டத்தில் நூறு வருடம் ஆன சிலை தொல்பொருள். அதற்கு விலையே வேறு. 1976இல் பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்த நடராஜர் கடத்தப்பட்டு லண்டன்வரை போய், வழக்காடி 1991இல்தான் திரும்பினார். களவு இப்படி நடந்த வட்டாரத்தில் போலியும் செய்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

ஸ்தபதிக்கு அதைவிட வேறொரு கோபம். "எங்க தாத்தா வார்த்த சாமி பழசாச்சு. அது தானா ஆனது. இவன் என் வேலையச் சோழன் வேலைன்னு விப்பான். அப்புறம் நான் எதுக்கு ராத்திரியெல்லாம் கண்ணு முழிக்கணும்?"

அந்த வருமானம் வந்திருந்தால் மகளின் காலேஜ் ஃபீஸ் ஒரே தவணையில் முடிந்திருக்கும் என்பதையும் அவரே சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை, கொஞ்சம் எரிச்சலாகத்தான் சொன்னார்.

கிளம்பும்போது, யாரோ அபார்ட்மென்ட் பூஜையறைக்குக் கேட்ட ஓரடிப் பிள்ளையாரைத் திருப்பிக் காட்டினார். பீடத்துக்கு அடியில் உளியால் கொத்தியிருந்தது: 2024. அந்த வியாபாரி வந்துபோன பிறகு எல்லாச் சிலையிலும் வருஷம் கொத்துகிறார்.