அண்டை வீட்டார் கொணர்ந்த பாத்திரம்



மனைவியின் பல்கலைக்கழக ஆய்வுப் பணியை முன்னிட்டு, பிரேசில் நாட்டின் பரானா மாநிலத்திலுள்ள மரிங்கா நகரில் எங்கள் குடும்பம் ஓராண்டு தங்கியிருந்தது. கடற்கரையிலிருந்து வெகு தொலைவில், 1947இல் திட்டமிட்டு நிறுவப்பட்ட ஊர் அது. செம்மண் நிலம், தெருவெங்கும் நிழல்மரங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவே உறங்குவது போலிருக்கும்.

அங்கே புதிதாகக் குடியேறுவோர் முதலில் பெறவேண்டியது சி.பி.எஃப். என்னும் 11 இலக்க வரி எண். கைப்பேசி இணைப்பு முதல் வாடகை ஒப்பந்தம் வரை அதைக் கேட்பார்கள். அடுத்து, போர்த்துக்கீசிய மொழியில் முகமன் கூறப் பழக வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் "போம் தியா" என்று காலை வணக்கம் சொல்லாமல் பொருளைக் கேட்பது அங்கே மரியாதையன்று.

ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய நாங்கள், அங்கே கிழக்கிலிருந்து சற்று வடக்காகத் திரும்பி நின்றோம். தாயகத்தைவிட எட்டரை மணி நேரம் பின்தங்கிய நாடு. நாங்கள் சுபுஹு தொழும் வேளையில் ஊரில் லுஹர் முடிந்திருக்கும். நகரில் பள்ளிவாசல் இருந்ததால், அல்ஹம்துலில்லாஹ், ஜும்ஆவுக்குக் குறைவில்லை.

உணவுதான் சோதனை. ஹலால் கோழி இறைச்சியை உலகிலேயே மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசில். அங்கே கோழி உற்பத்தியில் முதலிடம் வகிப்பது பரானா. ஆயினும் எங்கள் தெருக் கடையில் ஹலால் முத்திரையிட்ட பொட்டலம் ஒன்றும் கிடைக்கவில்லை. வாரச் சந்தையில் வாங்கிய மீன், முட்டை, காய்கறி ஆகியவற்றைக் கொண்டே சமைத்தோம்.

குடிபுகுந்த இரண்டாம் வாரம், பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு பாத்திரத்தில் பயறுக் குழம்பு கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் பன்றி இறைச்சித் துண்டுகள் தெரிந்தன. நான் கைகளைப் பின்னிழுத்து, "நாவுங், நாவுங்" (வேண்டாம், வேண்டாம்) என்று கூறிக் கதவைச் சாத்திவிட்டேன். அதன்பின் அவர் எங்கள் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

"உணவை மறுத்தது சரி, முகத்தையும் ஏன் திருப்பிக்கொண்டீர்கள்?" என்று மனைவி கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அண்டை வீட்டாரின் உரிமைகளைப் பற்றிய ஹதீஸ்களை இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். மார்க்கத்தைப் பேணுவதாக எண்ணி, அதன் ஒரு பகுதியை வாசலிலேயே கைவிட்டிருந்தேன்.

மறுநாள் நெய்ச்சோறும் காய்கறிக் குருமாவும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றோம். பன்றி இறைச்சியும் மதுவும் எங்களுக்கு விலக்கப்பட்டவை என்பதைக் கைப்பேசி மொழிபெயர்ப்பின் துணையால் விளக்கி, முன்னைய நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு என் மகளை அணைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சோளமாவுக் கேக்குடன் வந்தார். வாசலிலேயே நின்று விரல்விட்டு எண்ணினார்: மாவு, முட்டை, பால், சர்க்கரை, எண்ணெய். "பன்றிக் கொழுப்பு இல்லை" என்று இருமுறை சொன்னார். பிஸ்மில்லாஹ் கூறி உண்டோம்.

அயலூரில் வாழும் நம் பிள்ளைகளுக்கு ஹராமைத் தவிர்க்கக் கற்றுக்கொடுக்கிறோம். அதைக் கனிவுடன் சொல்லும் முறையையும் சேர்த்தே கற்றுக்கொடுப்போம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நற்குணத்தை அருள்வானாக. ஆமீன்.