படுக்க வைத்த புகைபோக்கி

எந்தப் பட்டறைக்குப் போனாலும் காருக்கு அடியில் ஓடும் அந்தக் குழாய்க்கு ஒரே பெயர்தான்: சைலன்ஸர். எஞ்சினிலிருந்து கிளம்பும் பைப்பு, இடையில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், கடைசியில் தொங்கும் டப்பா, எல்லாமே சைலன்ஸர். உண்மையில் சத்தத்தைக் குறைப்பது டப்பாக்கள் மட்டும்தான். மொத்தக் குழாயின் முதல் வேலை, பாட்டி வீட்டு அடுப்படிக் கூரையில் இருந்த புகைபோக்கியின் வேலை. மனிதர்கள் இருக்கும் இடத்தைத் தாண்டிப் புகையைக் கொண்டுபோய் விடுவது. பெயரிலேயே சத்தம் இருப்பதால், குழாய் ஓட்டையானாலும் நமக்குச் சத்தம்தான் பிரச்சினையாகத் தெரிகிறது.

அப்பாவுக்கும் அப்படித்தான் தெரிந்தது. தங்கச்சிக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் வளைகாப்பு முடித்து அவளைத் திருச்சிக்கு அழைத்து வர வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்து, எங்கள் பதினான்கு வயது கார் டிராக்டர் மாதிரி உறும ஆரம்பித்தது. பட்டறையில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள், இனி திங்கள்தான்.

"நீ இன்ஜினியர்தானே, எதையாவது வெச்சு அடைச்சு விடேன். புள்ளைய நம்ம வண்டியிலதான் கூட்டிட்டு வரணும்."

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆனாலும் தற்காலிகமாக அடைப்பதுதானே என் தினசரிப் பிழைப்பு.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. பக்கத்துத் தெரு டிரைவர் அண்ணனிடம் இரண்டு ஸ்டாண்டு வாங்கி வந்தேன். முன் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினோம். பைப்பு ஆறுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. கசியும் இடம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். நடுப் பைப்பும் பின் டப்பாவும் சேரும் இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. அங்கே சோப்புத் தண்ணீர் தடவிவிட்டு வெளியே வந்து, அப்பாவை ஸ்டார்ட் செய்யச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். நுரை பொங்கியது.

அப்பா, தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் வைக்கும் எபாக்சியை எடுத்து வந்தார். அது தண்ணீருக்குச் சரி, பைப்பின் சூட்டில் கருகி உதிர்ந்துவிடும். ஸ்பேர்ஸ் கடையில் சைலன்ஸர் பேஸ்ட் கிடைத்தது. சோடியம் சிலிகேட் கலந்த வகை, சூடு பட்டால் கல்லாக இறுகும். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, இணைப்பை லேசாக ஈரமாக்கி, பேஸ்ட்டை அப்பினேன். மேலே கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டிச் சுற்றி, இரண்டு பக்கமும் ஹோஸ் கிளிப் போட்டு முறுக்கினேன். கொஞ்ச நேரம் காயவிட்டு, எஞ்சினைப் பத்து நிமிஷம் சும்மா ஓடவிட்டோம்.

சத்தம் நின்றது.

"பாத்தியா, புது வண்டி மாதிரி ஆயிடுச்சு!" அப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு அது ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். கருவில் இருக்கும் குழந்தையின் ரத்தம் அதை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், விடுவதற்கும் அதிக நேரம் ஆகும். கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்தால் அளவு குறையும். எங்கள் காரில் அது எந்த நிலைமையில் இருக்கிறதோ. அடித்தளத்தில் வயர் போகும் துளைகளின் ரப்பர் வெடித்திருந்தாலோ, டிக்கி ரப்பர் தேய்ந்திருந்தாலோ, புகை உள்ளே வர வழி உண்டு. இந்தப் பேஸ்ட்டோ இறுகினால் அசையாது. பைப்போ ஒவ்வொரு பள்ளத்திலும் அசையும்.

ஆபீஸில் சர்வர் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால் அதை ம்யூட் செய்யும் ஆட்கள் உண்டு. அதன் பிறகு எல்லோரும் நிம்மதியாக வேலை பார்ப்போம். சர்வர் மட்டும் அப்படியேதான் இருக்கும்.

"அப்பா, இத்தனை நேரம் அந்தச் சத்தம்தான் நமக்குச் சொல்லிட்டிருந்துச்சு. இப்ப அதை நிறுத்திட்டோம். வழியில மறுபடி கசிஞ்சா யாரு சொல்லுவா? அவ இதுல வர வேணாம்ப்பா."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தலைப்பிரசவத்துக்கு வர்ற புள்ள, வாடகை வண்டியிலயா நம்ம வாசல்ல வந்து எறங்குவா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கார் அவர் ரிட்டயர்மெண்ட் பணத்தில் வாங்கியது. தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பும் அதில்தான் நடந்தது.

ராத்திரி பத்து மணிக்கு அவரே டாக்சிக்கு போன் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் தங்கச்சியும் டாக்சியில் வந்தார்கள். சீர்ப் பாத்திரங்களையும் மீந்த கலவை சாதங்களையும் ஏற்றிக்கொண்டு, ஏசி போடாமல், நாலு கண்ணாடியும் இறக்கிவிட்டு, நானும் அப்பாவும் பின்னாலேயே வந்தோம். வழி முழுக்க வண்டி சத்தமே போடவில்லை. அப்பா அதைப் பற்றி எதுவும் பேசவுமில்லை.

திங்கட்கிழமை பட்டறையில் வண்டியைத் தூக்கி, கிளிப்பைக் கழற்றித் தகரத்தை உருவினார்கள். பேஸ்ட்டின் அடிப்பக்கம் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. விரிசலின் ஓரமெல்லாம் புதுக் கரி. காதுக்கு எட்டுவதற்கு முன்பே கசிவு ஆரம்பித்துவிட்டிருந்தது.

அப்பா குனிந்து அந்தக் கரியை விரலால் தொட்டுப் பார்த்தார். "பைப்ப மாத்திடுங்க தம்பி. அப்படியே அடியில இருக்கிற ரப்பரெல்லாம் ஒண்ணு விடாம பாத்துடுங்க. கைக்குழந்தை வரப்போற வண்டி" என்றார்.