கிணற்றுக்கு முறை போட்டது போல அம்மாவுக்கும்

எங்கள் அம்மாவுக்கு மறதி நோய் என்று மருத்துவர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். அண்ணன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். தங்கை ஒடுகத்தூர் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நடுவில் பிறந்த நான் அமிர்தியில் இரண்டு ஏக்கர் நிலம், நான்கு மாடுகளோடு அம்மாவுடன் இருக்கிறேன். வீட்டில் வயதானவர்கள் இருக்கும் விவசாயக் குடும்பங்களுக்கு உதவும் என்பதால், நாங்கள் இதை எப்படிச் சமாளிக்கிறோம் என்று எழுதுகிறேன்.

முதலில் எங்களுக்குள் வந்த பேச்சு நோயைப் பற்றியது அல்ல, நகையைப் பற்றியது. அம்மாவின் கம்மலும், சுருக்குப்பையில் வைத்திருந்த பணமும் காணவில்லை. "மருமவதான் எடுத்துக்கிச்சு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் அம்மா சொல்ல ஆரம்பித்தார். தங்கை அதை நம்பினாள். வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து போகிறவர்களிடம் அம்மா நன்றாகத்தான் பேசுவார். பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரிப்பார். "எங்கிட்ட நல்லாத்தானே பேசுது, நீங்கதான் புத்தி பெசகிப்போச்சுன்னு பேர் கட்டறீங்க" என்று தங்கை சண்டை போட்டாள். அதே அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பால் சொம்பைத் தேடுவார். கறந்த மாட்டையே மறுபடி கறக்க உட்காருவார். தினமும் சோறு போடும் என் மனைவியைப் பார்த்து, "நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்பார்.

ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை மூட்டையைப் பிரித்தபோது, பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி கம்மலும் சுருக்குப்பையும் உள்ளே இருந்தன. தங்கைக்குப் போன் செய்தோம். வந்தவள் பத்து நாள் தங்கினாள். இரண்டாவது ராத்திரியே அவளுக்குப் புரிந்துவிட்டது. என் மனைவியிடம் அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலை அவளே எழுந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டு, "அண்ணி, நீங்க தூங்குங்க" என்றாள்.

அதன் பிறகு மூவருமாக அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அம்மாவை அழைத்துப் போனோம். ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, பி12 சத்து எல்லாம் பார்த்தார்கள். தைராய்டு குறைவாலோ பி12 குறைவாலோ வந்த மறதி என்றால் வைத்தியத்தில் தேறவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் 'வயசானா அப்படித்தான்' என்று விடாமல் ஒருமுறை காட்டிவிட வேண்டும். அம்மாவுக்கு அந்தக் குறைகள் இல்லை. மூளைத் தேய்வு என்றார்கள். இந்த நோயில் பெரும்பாலும் புது ஞாபகம் முதலில் போகும், பழையது நிற்கும். பொருளை ஒளித்துவைத்துவிட்டு அடுத்தவர் திருடியதாகச் சொல்வது நோயின் குணம், ஆளின் குணம் அல்ல என்றும் விளக்கினார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கதை அல்ல. எங்கள் பக்கம் கணியம்பாடி ஒன்றியத்தில், 65 வயது தாண்டிய ஆயிரம் பேரிடம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மறதி நோய் பற்றி ஆய்வு செய்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். '10/66' என்ற உலக ஆய்வுக் குழுவின் வேலை அது. வழக்கமான மருத்துவ அளவுகோலில் பார்த்தபோது நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அந்தக் குழுவே வகுத்த அளவுகோலில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் வந்தார்கள். கிராமத்தில் வீட்டார் அதை ஒரு குறையாகச் சொல்லாததும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம். பெரியவர்களுக்கு வேளைக்குச் சோறு கிடைக்கிறது. வேலை எதையும் அவர்களிடம் எதிர்பார்ப்பதில்லை. நோய் முற்றும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை.

அடுத்து வந்த கேள்வி, அம்மா யார் வீட்டில் இருப்பது? ஊர் வழக்கப்படி மாதம் ஒரு வீடு என்று உறவுக்காரர்கள் முறை வைத்தார்கள். முதல் முறை அண்ணனுடையது. ஆம்பூரில் மாடி வீடு. பொழுது சாய்ந்தால், "மாடு கட்டணும், வூட்டுக்குப் போவணும்" என்று அம்மா கதவைத் தட்டுவாராம். பதினோராம் நாள் சாயங்காலம் எப்படியோ இறங்கிப் போய்விட்டார். பஸ் நிலையத்துக் கடைக்காரர் ஒருவர் உட்கார வைத்திருந்ததால் கிடைத்தார். இந்த நோயில் பலருக்குச் சாயங்காலம் தவிப்பு கூடும். இடம் மாறினால் இன்னும் கூடும்.

அம்மாவைக் கொண்டுவந்து விட்ட அன்று அண்ணன்தான் சொன்னார்: "நம்ம கூட்டுக் கெணத்துக்கு முறை இருக்குதே, கெணறா நவுந்து போவுது? நாமதானே முறைக்குப் போயி தண்ணி பாச்சறோம்?"

அன்றிலிருந்து அம்மா அமிர்தியை விட்டு நகர்வதில்லை. நாங்கள்தான் முறைக்கு வருகிறோம். அண்ணன் சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு சாயங்காலம் போவார். மருந்துச் செலவும் அவருடையது. தங்கை மாதத்தில் ஒரு வாரம் வருவாள். அந்த வாரம் என் மனைவி தாய்வீடு போய் வருவாள். ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சாப்பாடு, தூக்கம், மலம், மாத்திரை, செலவு எல்லாம் அதில் ஏறும். யார் முறைக்கு வந்தாலும் நோட்டைப் பார்த்தால் போதும். வீட்டில் இருப்பவளிடம் கேள்வி கேட்க வேண்டியதில்லை. பாதிச் சண்டை அதிலேயே போய்விட்டது.

விவசாய வீட்டில் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தரைமட்டக் கிணற்றைச் சுற்றிக் கம்பி வேலி போட்டோம். பூச்சிமருந்து, எலிமருந்து, அரிவாள் எல்லாம் பூட்டில். மோட்டார் பெட்டிக்கும் பூட்டு. அம்மாவின் புடவை முந்தானையில் போன் நம்பரைத் தைத்திருக்கிறோம். "அப்பா செத்து எட்டு வருசமாச்சு" என்று திருத்துவதில்லை. திருத்தினால் அன்றுதான் செத்தது போல அழுவார். சாயங்காலம் மாடு கட்டணும் என்றால், கையைப் பிடித்துக் கொட்டகைவரை அழைத்துப் போய் வருகிறோம். ஒரு முறம் கடலையைக் கொடுத்தால் உரித்து, சொத்தைப் பருப்பைத் தனியாகப் பொறுக்கிவிடுவார். என் பெயர் மறந்துவிட்டது, அந்தக் கைவேலை மறக்கவில்லை.

நிலம் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு ஏக்கரில் அரை ஏக்கர் அம்மா பெயரில் இருக்கிறது. "இப்பவே கைநாட்டு வாங்கிடுங்க" என்று சொன்னவர்கள் உண்டு. என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொள்ள முடியாத நிலையில் இருப்பவரிடம் வாங்கும் பத்திரம் சட்டப்படி செல்லாது; பின்னால் கோர்ட்டுக்குத்தான் போகும். எழுத வேண்டியிருந்தால், நோயின் தொடக்கத்தில், புத்தி தெளிவாக இருக்கிறது என்று மருத்துவர் சான்று கொடுக்கும் நிலையில், பிள்ளைகள் எல்லோரும் அறிய எழுத வேண்டும். அந்தக் கட்டம் தாண்டிவிட்டதால் நாங்கள் அந்த அரை ஏக்கர் பேச்சையே எடுப்பதில்லை. விளைச்சல் அம்மா செலவுக்கு. பெற்றோரைப் பராமரிப்பது மகனுக்கும் மகளுக்கும் கடமை என்று 2007-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பார்த்துக்கொள்வதாக நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம்.

உங்கள் வீட்டிலும் சொன்னதையே சொல்லும், பழகிய வழி தவறும் பெரியவர் இருந்தால், கூடப்பிறந்தவர்களை இந்த வாரமே ஒரு ராத்திரி தங்கச் சொல்லுங்கள். போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது. முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண் இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வரும்போது அவரிடமும் சொல்லலாம். மருந்தால் இந்த நோய் முழுதாகத் திரும்பாது என்பதை நாங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் என் மனைவி இப்போது மாதம் ஏழு ராத்திரி முழுசாகத் தூங்குகிறாள்.