பட்டிக்கு அடியில என்ன இருக்கு?

திருச்சியிலேருந்து தஞ்சாவூர் ரோட்டுல வந்தா, பெல் தொழிற்சாலையைத் தாண்டி துவாக்குடி வர்ற வரைக்கும் எங்கேயாவது வெல்டிங் வெளிச்சம் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும். 1960களில் பாய்லர் தொழிற்சாலை வந்துச்சு. அதுக்கு வேலை செஞ்சு கொடுக்க சிட்கோ எஸ்டேட், சின்னச் சின்ன பட்டறைகள்னு வந்து எங்க ஊரே இரும்பு ஊரா மாறிடுச்சு. வெல்டிங்குக்குன்னே ஓர் ஆராய்ச்சி நிலையம் பெல்லுக்குள்ள 1975-லேருந்து இருக்கு. ஆனா எங்க வீட்டு அம்பாசடர்ல துரு எடுக்க ஆள் தேடினப்போ ஒரு விஷயம் தெரிஞ்சுது. 12 எம்.எம். பிளேட்டை அசால்ட்டா ஒட்டுற ஆளுங்க இங்கே தெருவுக்குத் தெரு இருக்காங்க. கார் தகரம் ஒரு எம்.எம். இருந்தாலே ஜாஸ்தி. "கை ஒரு நொடி நின்னா ஓட்டை விழுந்துரும்ணே, இது எங்க வேலை இல்ல"ன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அதுக்கு டிங்கர்தான் வேணும்.

வண்டி 1996 மாடல், டீசல். எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் உரக்கடைக்காரர். எங்க தெருவுல ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலின்னாலும், பிரசவ வலின்னாலும் இந்த வண்டிதான் போகும். இந்த வருஷம் ஆர்.சி. புதுப்பிக்கணும். 15 வருஷம் தாண்டின காருக்கு 600 ரூபாயா இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்குனாங்க. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டினதுக்கு 10,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. "அப்பா, பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடலாம்"னு பையன் சொல்றான். அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா இந்தக் கேள்விக்குப் பதில் கட்டணத்துல இல்ல, வண்டியோட பாடியிலதான் இருக்கு.

ஏன்னா, அம்பாசடருக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது. இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வச்சு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி மேற்கு வங்காளத்துல உத்தர்பாராவுல செஞ்ச வண்டி இது. தளம், பக்கவாட்டு, கூரை எல்லாம் ஒண்ணா ஒட்டின ஒரே கூடு. அந்தக் கூடுதான் எடையைத் தாங்குது. கதவுக்குக் கீழே நீளமா ஒரு பெட்டி மாதிரி ஓடும். ரன்னிங் போர்டும்பாங்க. பார்க்க சும்மா ஓரத் தகரம் மாதிரி இருக்கும். அது செத்துப்போச்சுன்னா வண்டி நடுவுல தொய்ஞ்சுரும், கதவு சரியாச் சாத்தாது. 2014-லயே உற்பத்தியை நிறுத்திட்டாங்க. அதனால ஒரு பகுதி போனா, பெரும்பாலும் தகரத்தை வாங்கி வெட்டி, தட்டி, கையாலதான் செய்யணும்.

துரு வெளியிலேருந்து வருதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பெரும்பாலும் உள்ளேருந்துதான் வரும். கதவுக் கண்ணாடி வழியா இறங்குற மழைத் தண்ணி வெளியே போக, கதவோட அடியில சின்ன ஓட்டைகள் விட்டிருப்பாங்க. மண்ணும் வேப்பஞ்சருகும் சேர்ந்து அதை அடைச்சிரும். வயல்ல வடிகால் அடைச்சா பயிர் வேர் அழுகுற கதைதான். இரும்பு துருவாகும்போது பல மடங்கு உப்பும். அதனாலதான் பெயிண்ட் கொப்பளம் மாதிரி எழும்புது. வெளியே மிளகு அளவு கொப்பளம்னா, உள்ளே அஞ்சு ரூபா காசு அளவுக்கு அரிச்சிருக்கும்.

எங்க வண்டியில டிக்கிதான் ரொம்ப மோசம். உரக்கடைக்காரர் அதுல மூட்டை ஏத்தியிருக்காரு. பொட்டாஷ் உரம்னா பொட்டாசியம் குளோரைடு, அதுவும் ஒரு உப்புதான். காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வச்சுக்கும், அதுல இருக்கிற குளோரைடு இரும்பைத் தின்னும். கடற்கரை ஊர்ல இரும்பு சீக்கிரம் போறதுக்கும் இதுதான் காரணம். காரைக்குடியில அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்துல 1953-ல திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, இரும்பு அரிப்பை ஒரு பெரிய பாடமாவே எடுத்து ஆராய்ச்சி பண்றாங்க. உப்புக்காத்துல சோதிச்சுப் பார்க்க மண்டபத்துல தனி இடமே வச்சிருக்காங்க.

முதல்ல பார்த்த பட்டறைக்காரர் மூணு நாள், 25,000 ரூபாய்னாரு. "பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சு, புதுசு மாதிரி கொடுத்துருவேன்." துருவை வெட்டி எடுப்பீங்களான்னு கேட்டேன். "அதெல்லாம் பட்டியில அமுங்கிரும்"னாரு. கும்பிடு போட்டு வந்துட்டேன்.

ரெண்டாவதா பார்த்த பாய், விலையே சொல்லல. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடிச்சு, கைப்பிடியால வண்டி முழுக்கத் தட்டிக்கிட்டே வந்தாரு. நல்ல தகரம் டங்குனு சொல்லும். பட்டி போட்ட இடம் தப்புனு அமுங்கும். அப்புறம் துணி சுத்தின ஒரு காந்தத்தை வச்சுப் பார்த்தாரு. இடது பின் மட்கார்டுல காந்தம் ஒட்டவே இல்ல, கீழே விழுந்துச்சு. யாரோ எப்பவோ விரல் கனத்துக்குப் பட்டி அப்பியிருக்காங்க. கடைசியா வண்டிக்கு அடியில படுத்து, பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடத்தை ரொம்ப நேரம் குத்திக் குத்திப் பார்த்தாரு.

"ரன்னிங் போர்டு ஒன்றரை அடி போச்சுண்ணே. டிக்கி தளம் பாதி போச்சு. ஸ்பிரிங் மாட்டுற இடம் கெட்டியா இருக்கு. அது போயிருந்தா, வேணாம் வித்துருங்கன்னு நானே சொல்லியிருப்பேன்." மூணு வாரம், 42,000 ரூபாய்.

அவரு சொன்ன கணக்கு பாம்பன் பாலத்துக்கும் பொருந்தும். 1914-ல திறந்த பழைய ரயில் பாலத்தை 100 வருஷத்துக்கு மேல உப்புக்காத்துல சுரண்டி, பெயிண்ட் அடிச்சுக் காப்பாத்துனாங்க. கப்பலுக்காகத் தூக்குற பகுதி அரிப்புல பலவீனமானதும், 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்திட்டாங்க. 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்தாச்சு. எடையைத் தாங்குற இடம் நல்லா இருக்கிற வரைக்கும்தான் ரிப்பேர்.

வேலை நடந்தப்போ ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். முதல் வேலையா பேட்டரி ஒயரையும் டீசல் டேங்கையும் கழட்டி வச்சாரு. துருப்பிடிச்ச இடத்தைத் தாண்டி, வெள்ளையா மின்னுற இரும்பு தெரியுற வரைக்கும் கிரைண்டர்ல வெட்டினாரு. 20 கேஜ் தகரத்துல பேப்பர் அச்சு வச்சு வெட்டி, டோலியைப் பின்னால கொடுத்து, சுத்தியால தட்டி வளைவு கொண்டுவந்தாரு. வெல்டிங்கை ஒரே கோடா இழுக்கல. இங்க ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, நடுவுல ஈரத்துணி. சூடு ஒரே இடத்துல சேர்ந்தா தகரம் அப்பளம் மாதிரி நெளிஞ்சுரும். ஒட்டு முடிஞ்சு தேய்ச்ச அன்னிக்கே பிரைமர் அடிச்சுட்டாரு. பட்டி போட்டது கடைசியில, அதுவும் மேடுபள்ளம் தெரியாம இருக்க ஒரு பூச்சு. பட்டி தண்ணியை உறிஞ்சும், அதனால வெயில்ல நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் பெயிண்ட். ஐப்பசி அடைமழையில இந்த வேலைக்கு யாரும் வண்டியை விடாதீங்கன்னாரு.

ரன்னிங் போர்டுக்குள்ள பழைய இஞ்சின் ஆயிலை ஊத்துறது இங்கே வழக்கம். ரப்பர் பீடிங் ஊறிப்போகும்னு பாய் வேணாம்னுட்டாரு. மெழுகு மாதிரி ஒரு துரு மருந்தை ஓட்டை வழியா உள்ளே பீய்ச்சிவிட்டாரு.

டவுன்ல இருக்கிற நீங்க பழைய கார் வாங்கினாலோ, சரி பண்ணக் கொடுத்தாலோ, பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க. பிரைமர் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை வண்டியைக் காட்டச் சொல்லுங்க. காட்டுறேன்னு சொல்ற ஆள்கிட்ட விடுங்க. மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு ஈர்க்குச்சியால கதவு ஓட்டையெல்லாம் குத்திவிடுங்க. காசு செலவில்லாத வேலை அது.

வண்டி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகுது. கதவு நாலும் ஒரே தள்ளுல சாத்துது. பையன் அதை நாலு தடவை திறந்து திறந்து சாத்திப் பார்த்தான், ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரம் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி நிறுத்தணும். 10,000 ரூபாய் எடுத்து வச்சாச்சு.