கடன் ஏட்டில் ஒரு வரி



இறந்தவரின் சொத்தைப் பங்கிடுவதற்கு முன் அவருடைய கடனை அடைக்க வேண்டும், வஸிய்யத்தை நிறைவேற்ற வேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்த மார்க்கச் சட்டம் (திருக்குர்ஆன் 4:11, 12). கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தாமே தொழுவிக்க முன்வரவில்லை. அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஒருவர் விட்டுச் சென்ற கடன் ஏட்டின் கனம் அத்தகையது.

எங்கள் அத்தா தியாகராய நகரில் சிறிய ஜவுளிக்கடை நடத்தி வந்தார்கள். அவர்கள் வஃபாத்தான பின், கணக்கு நோட்டில் இருந்த கொடுக்கல் வாங்கல் முழுவதையும் இணையத்தில் ஒரு கூகுள் ஆவணமாகத் தட்டச்சு செய்து வைத்தோம். பிள்ளைகளாகிய நாங்கள் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் துபாயிலுமாகப் பிரிந்து வாழ்வதால், எல்லாரும் பார்க்கும் ஏடு ஒன்று தேவைப்பட்டது. ஒரு கடனை அடைத்ததும் அந்த வரியில் தேதியுடன் குறித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கணினித்துறையில் படிக்கும் அக்கா மகன், இந்தக் குறிக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றிடம் ஒப்படைக்கலாமே என்றார்.

முகவர் என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு நினைவு வந்தது ஃபிக்ஹு நூல்களில் வரும் வகீல். எதற்கு அனுமதி பெற்றாரோ அதை மட்டுமே செய்ய வகீலுக்கு உரிமை உண்டு. மாட்டை விற்கச் சொன்னவரின் தோட்டத்தையும் சேர்த்து விற்க அவரால் இயலாது. ஆகவே நாங்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: ஒரு வரியைத் திருத்தச் சொன்னால், இந்த முகவர் மற்ற வரிகளைத் தொடாமல் இருக்குமா?

அது கருவியைப் பொறுத்தது என்று மருமகன் விளக்கினார். ஆவணம் முழுவதையும் கொடுத்துத் திருத்தித் தரச் சொன்னால், முகவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை புதிதாக எழுதித் தரும். அப்போது கேளாத இடத்திலும் ஒரு சொல் மாறலாம், ஒரு தொகை விடுபடலாம். பகுதியை மட்டும் திருத்தும் கருவிகள் வேறு வகையைச் சேர்ந்தவை. ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் மாடல்களுக்கு அளித்துள்ள உரைத்திருத்தக் கருவியில், மாற்ற வேண்டிய பழைய சொற்றொடரை முகவர் எழுத்துப் பிசகாமல் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக வர வேண்டியதையும் சொல்ல வேண்டும். அத்தொடர் ஆவணத்தில் இல்லையென்றாலும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தாலும் கருவி திருத்தாமல் நின்றுவிடும்.

இதே முறையில் இயங்கும் கருவி ஒன்றை ஏட்டின் நகலில் சோதித்துப் பார்த்தோம். அத்தா கடன்பட்டிருந்தவர்களில் ஒரே பெயர் கொண்ட இருவர் இருந்தனர். ஒருவர் துணி கொடுத்த வியாபாரி. மற்றவர் மயிலாப்பூர்த் தையற்காரர். இருவருக்கும் தர வேண்டியது 5,000 ரூபாய். வியாபாரிக்குக் கொடுத்ததைக் குறிக்கச் சொன்னோம். கருவி நின்றது, முகவர் எவருடைய வரி என்று திருப்பிக் கேட்டது. 'எல்லா இடத்திலும் மாற்று' என்ற கட்டளையும் கூகுள் ஆவணங்களுக்கு உண்டு. அதைப் பயன்படுத்தியிருந்தால் இரு கடனும் தீர்ந்ததாகப் பதிவாகி, தையற்காரரின் கூலி ஏட்டிலிருந்து மறைந்திருக்கும். மறுமையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் எங்கள் அத்தா அல்லவா!

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 'கொ' என்பதில் வரும் கொம்பையும் காலையும் கணினி ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவியோ அப்படி ஒரு சொல்லே இல்லை என்றுவிடும். இட எண்ணைக் கொண்டு திருத்தும் முறையிலும் கவனம் தேவை. 'கடன்' நமக்கு மூன்று எழுத்து. புள்ளியையும் தனியே எண்ணும் கூகுள் ஆவணக் கணக்கில் நான்கு. இதற்கிடையில் துபாயிலிருந்து தம்பி ஒரு வரி சேர்த்தால் எல்லா எண்களும் நகர்ந்துவிடும். ஆவணம் தான் படித்த நிலையில் இல்லாவிட்டால் திருத்தத்தை மறுத்துவிடு என்று முன்கூட்டியே சொல்லும் வசதி அதில் இருக்கிறது. அதை முடுக்கி வைத்தோம்.

பிறர் எழுத்தில் கை வைக்கும்போது காட்ட வேண்டிய அடக்கம் நம் நகரத்துக்குப் புதியதன்று. பெசன்ட் நகரில் யாருடைய பெயரால் நூல் நிலையம் இருக்கிறதோ, அந்த உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்த இடங்களைத் தம் சொற்களால் நிரப்பவில்லை. பாட வேறுபாடுகளையும் குறித்து வைத்தார்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் இருக்க வேண்டும், தொகை சிறிதாயினும் எழுதச் சடைந்துவிடக் கூடாது என்று அது கற்பிக்கிறது. வஸிய்யத்தைக் கேட்ட பின் மாற்றுபவர் மீதே அதன் பாவம் சாரும் என்கிறது 2:181. எழுதும் கை இயந்திரமாகிவிட்டதால் இந்தப் பொறுப்பு இயந்திரத்துக்கு மாறிவிடாது. ஏவியவர் நாமே, பதில் சொல்ல வேண்டியவரும் நாமே.

எனவே குடும்பமாக அமர்ந்து மூன்று முடிவுகள் எடுத்தோம். 'செலுத்திய விவரம்' என்ற பகுதியில் மட்டுமே முகவர் எழுதலாம். அத்தாவின் சொந்த வாசகங்களை அது தொடக் கூடாது. ஒவ்வொரு திருத்தத்தையும் பழைய வரியோடு சேர்த்துக் காட்ட வேண்டும். எங்களில் இருவர் பார்த்து ஒப்பிய பின்னரே அது ஏட்டில் ஏறும். மூல நோட்டு அம்மாவின் அலமாரியில் இருக்கும். ஐயம் எழும்போது அதுவே இறுதிச் சான்று.

தையற்காரரின் பணத்தை நேரில் சென்று கொடுத்தோம். அவர் அத்தாவுக்காக துஆ செய்தார். உங்கள் வீட்டிலும் இத்தகைய ஏடு இருக்கலாம். முகவரிடம் ஒப்படைக்குமுன் அதன் எல்லையை எழுதி வையுங்கள். அமானிதங்களைப் பிசகின்றி உரியவர்களிடம் சேர்க்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.